கொழுப்பு கொன்றதா, கூட இருந்ததா?

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாயாகப் பிறப்பது பாவம். மருத்துவம் படித்தவர்கள் குடியிருக்கும் தெருவில் நாயாகப் பிறப்பது மகாபாவம். உடம்புக்குள் ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று 1628-இல் வில்லியம் ஹார்வி அச்சடித்தே சொல்லிவிட்டார். சனி பிடித்தது நாய்களுக்கு. 'சுற்றுகிறது என்றால், இந்தப் பக்கம் எதையாவது ஊற்றினால் அந்தப் பக்கம் போய்ச் சேருமே, ஊற்றித்தான் பார்ப்போமே' என்று ஆக்ஸ்ஃபோர்டில் சிலருக்குக் கை அரித்தது.

முதலில் கை வைத்தவர் கிறிஸ்டோபர் ரென். பிற்காலத்தில் லண்டனில் செயின்ட் பால் தேவாலயம் கட்டினாரே, அதே ரென்தான். 1656-இல் ஒரு பறவை இறகின் தண்டை ஊசியாக்கி, ஒயினில் கலந்த அபினை ஒரு நாயின் சிரைக்குள் ஏற்றினார். நாய் தள்ளாடியது, மயங்கியது. தூங்கவிடாமல் சாட்டையால் அடித்துத் தோட்டத்தைச் சுற்ற வைத்ததில் பிழைத்துக்கொண்டது. பிறகு அது நன்றாகக் கொழுத்து, ஊரில் பேரும் வாங்கி, கடைசியில் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ராபர்ட் பாயில் எழுதிவைத்திருக்கிறார். நம் கதையில் கொழுப்பால் லாபம் கண்ட ஒரே ஜீவன் இதுதான். இனி வருகிறவர்கள் எல்லாம் நஷ்டக் கணக்கு.

அடுத்து வந்தவர் ரிச்சர்ட் லோவர். இவர் நாய்க்குப் பால் கொடுத்தார். வாயில் அல்ல, சிரையில். குடிக்கிற பால் எப்படியும் உடம்பில்தானே சேரப்போகிறது, நடுவில் வயிறு எதற்கு தரகன் மாதிரி என்று நினைத்திருப்பாரோ என்னவோ. நாய் செத்தது. இதே லோவர் 1667-இல் ஆர்தர் கோகா என்ற மனிதருக்கு 20 ஷில்லிங் கூலி பேசி ஆட்டு ரத்தம் ஏற்றியவர். கோகா உயிரோடு எழுந்து போனார். பால் குடித்த நாய்க்கு அந்த யோகம் இல்லை, கூலியும் இல்லை.

ஆனாலும் ரத்தத்தில் ஏறிய கொழுப்பு கொல்லும் என்கிற இந்தக் கதையின் மூலபுருஷர் என்று மாலை போடவேண்டியது வில்லியம் கோர்ட்டனுக்கு. பரம்பரைச் சொத்தெல்லாம் கடனில் போய், சார்ல்டன் என்ற வேறு பேரில் காலம் தள்ளியவர். அபூர்வப் பொருள் எதைக் கண்டாலும் வாங்கிச் சேர்க்கும் வியாதிக்காரர். 1678, 1679 வாக்கில் பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் இருந்துகொண்டு விலங்குகள்மேல் விதவிதமான விஷங்களைச் சோதித்தார். சரக்கு வரிசையில் ஆலிவ் எண்ணெயின் முறை வந்தது. எண்ணெய் சிரைக்குள் போயிற்று; நாயின் உயிர் வெளியே போயிற்று. உலகமே சாப்பாட்டில் ஊற்றிச் சாப்பிடும் பொருள், அரை அடி பாதை மாறினால் விஷம். இந்தச் சங்கதி 1712-இல்தான் அச்சேறியது. அதற்குள் கோர்ட்டன் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவர் சேர்த்த சாமான்கள் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் கைக்குப் போயின. ஸ்லோனின் சேகரிப்பிலிருந்துதான் 1753-இல் பிரிட்டிஷ் மியூசியம் முளைத்தது. மியூசியத்துக்குப் போகிறவர்கள் எகிப்து மம்மிக்குக் கும்பிடு போடும்போது அந்த மோன்பெலியே நாயையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் எப்படிக் கொல்கிறது என்று காரணம் சொன்னவர் பாரிசின் பிரான்சுவா மஜாந்தி. காலம் 1820-கள். உயிரோடு இருக்கும் விலங்கை அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு இருந்த ஆர்வத்தைக் கேள்விப்பட்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்திலேயே திட்டினார்கள். திட்டியவர்களும் நியாயஸ்தர்கள்தான், ஆனால் மஜாந்தி சொன்னதும் நியாயம்தான். சிரையில் ஊற்றிய எண்ணெய் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நேராக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் மயிரிழையைவிட மெல்லிய குழாய்களுக்குள் புக வேண்டும். ரத்தச் சிவப்பணு உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்துவிடும். எண்ணெய்த் துளிக்கு அந்தப் பணிவு கிடையாது. வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒன்று மிதந்துபோய் இன்னோர் இடத்தில் அடைத்துக்கொள்வதற்கு எம்போலிசம் என்று பேர் வைத்தவர் பெர்லினின் ருடால்ஃப் விர்கோ, 1840-களில்.

இதுவரை செத்ததெல்லாம் நாய். மனிதன் செத்துத்தான் விஞ்ஞானம் அடுத்த படி ஏறவேண்டும் என்று இருந்திருக்கிறது. அதற்கு நாம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போகவேண்டும்.

அங்கே ஃபிரெட்ரிஷ் ஆல்பர்ட் ஃபான் ஜெங்கர் என்று ஒரு பிணக்கூறாய்வாளர். 1860 ஜனவரியில் ஒரு வேலைக்காரப் பெண் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். டைஃபாய்டு என்று சீட்டு எழுதியாகிவிட்டது. ஜெங்கர் அவள் தசையில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். சுருண்டு சுருண்டு புழு. டிரைக்கினா என்னும் பன்றிப் புழு. மனிதர் அதோடு விடவில்லை. அவள் வேலைபார்த்த இடத்துக்கே போய் விசாரித்தார். அந்த வீட்டில் அடித்த பன்றியின் இறைச்சியிலும் சாசேஜிலும் அதே புழு. பன்றியை வெட்டிய கசாப்புக்காரரும் படுத்த படுக்கை. ஒரு பெண்ணின் தசையில் தொடங்கி சாசேஜ் வரை போன இந்தத் துப்பறிதலால் ஜெங்கர் பேர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதுவரை சந்தோஷமாகச் சாசேஜ் தின்ற ஜெர்மானியர்களின் வயிற்றில் புளி கரைத்தது. சாசேஜை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது போகாது.

அடுத்த வருஷமே ஜெங்கருக்கு இன்னொரு பிரேதம் வந்தது. ரயில்வே தொழிலாளி. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மாட்டி நசுங்கியவர். விலா எலும்புகள் நொறுங்கி, இரைப்பை கிழிந்து, கல்லீரல் கிழிந்து... சாவுக்குக் காரணம் தேடி நுண்ணோக்கிவரை போகவேண்டிய கேஸே இல்லை. வேறு யாராக இருந்தாலும் 'ரயிலில் நசுங்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஜெங்கர் நுரையீரலை வெட்டி உற்றுப் பார்த்தார். நுண்குழாய்கள் முழுக்கக் கொழுப்பு. மனிதனில் கொழுப்பு அடைப்பைப் பார்த்த முதல் கண் அதுதான். 1862-இல் வெளியிட்டார்.

அதெல்லாம் சரி, கொழுப்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெரியவர் சறுக்கினார். இரைப்பை கிழிந்திருக்கிறது, கல்லீரலின் சிரைகளும் கிழிந்து வாய் பிளந்திருக்கின்றன. ஆகவே வயிற்றில் இருந்த சாப்பாட்டின் கொழுப்பு அந்த ஓட்டைகள் வழியாக ரத்தத்தில் ஏறி நுரையீரல் போய்விட்டது என்று முடிவு கட்டினார். செத்தவனின் மதியச் சாப்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். ஒரு தடவை சாசேஜில் குற்றவாளியைப் பிடித்தவருக்கு அப்புறம் எல்லாக் கேஸிலும் தட்டின்மேல்தான் சந்தேகம் போகும் போலிருக்கிறது. உடைந்த விலா எலும்புகள் பக்கத்திலேயே கிடந்து 'நாங்கள்தான், நாங்கள்தான்' என்று கத்திக்கொண்டிருந்தன. கேட்கவில்லை.

அவை கத்தியது லைப்சிக்கில் இருந்த எர்ன்ஸ்ட் வாக்னருக்குக் கேட்டது. அதே 1862. எலும்பு முறிந்து செத்தவர்களின் நுரையீரலில்தான் இந்தக் கொழுப்பு அதிகம் தென்படுகிறது என்று அவர் முடிச்சைச் சரியான இடத்தில் போட்டார். நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வளர்ந்த ஆளின் தொடையெலும்புக்குள் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பு. எலும்பு உடையும்போது அதைச் சுற்றியுள்ள சின்னச் சிரைகளும் கிழிகின்றன. எலும்புக்குள் இருக்கும் சிரை, சதைக்குள் இருப்பது மாதிரி சுருங்கி மூடிக்கொள்ளாது. சுவரோடு ஒட்டி வாய் திறந்தே நிற்கும். உள்ளே ரத்தம் கசிந்து அழுத்தம் ஏற ஏற, கொழுப்பு அந்த வாய்க்குள் இறங்குகிறது. 1866-இல் புஷ் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களை வைத்து மஜ்ஜைதான் ஊற்று என்று காட்டினார். நாய்களுக்குக் கொஞ்சம் ஓய்வு.

பூனைகளுக்கு இல்லை. இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று அழைக்கப்படும் டோர்பாட் நகரத்தில் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மன் 1863-இல் பூனைகளின் சிரையில் கொழுப்பை ஏற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். பூனைகள் எப்படி மூச்சுத் திணறின, எப்படிச் சுருண்டன என்பதெல்லாம் மனதில் பதிந்திருந்தது. 10 வருஷம் கழித்து, 1873-இல், கூரையிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்த ஒரு மனிதர் அவரிடம் வந்தார். கால் உடைந்த ஆள் இரண்டு நாள் கழித்து மூச்சுவிட முடியாமல் நீலம் பாரித்து நினைவு இழக்கிறார். காலில் அடி, கெடுவது நுரையீரலும் மூளையும். அக்கம்பக்கத்து டாக்டர்கள் குழம்பியிருப்பார்கள். பெர்க்மனுக்குப் பூனை ஞாபகம் வந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போதே 'கொழுப்பு அடைப்பு' என்று முதன்முதலில் சொன்னது அப்போதுதான். சொன்னாரே ஒழியக் காப்பாற்ற முடியவில்லை. பிரேதப் பரிசோதனை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டாக்டர்களின் அகராதியில் இதற்கும் வெற்றி என்றுதான் பேர். (இதே பெர்க்மன்தான் பின்னாளில் பெர்லினில், தொண்டைப் புற்றுநோய் வந்த சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெட்ரிஷின் மூச்சுக்குழாயை வைத்து இங்கிலாந்து டாக்டர் மெக்கன்சியோடு குழாயடிச் சண்டை போட்டவர். சக்கரவர்த்தி 99 நாள் ஆண்டார். அது தனிக் கதை.)

இப்படி ஆள் ஆளுக்குக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாலும் ஒரு சங்கடம் இருந்தது. கொழுப்பைப் பார்ப்பதே பாடு. பிணக்கூறாய்வுக்கூடத்தில் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? துண்டை எடுத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, ஸைலீனில் முக்கி, மெழுகில் புதைத்து, சீவுகிறார்கள். நோயியல் உலகத்தின் நித்திய கர்மா இது. ஆல்கஹாலும் ஸைலீனும் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். குற்றவாளியைப் பிடித்துக் கொண்டுவந்து, ஸ்டேஷனிலேயே குளிப்பாட்டிப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, அப்புறம் லென்சை வைத்துத் தேடுவது. ஸ்லைடில் மிச்சம் இருப்பது வெறும் ஓட்டைகள். அதைப் பார்த்து 'நுரையீரல் சாதாரணம்' என்று எழுதிப்போட்ட அறிக்கைகள் எத்தனையோ.

ஆகவே துண்டை உறையவைத்துச் சீவவேண்டும். அப்புறம் கொழுப்பை மட்டும் பிடிக்கும் சாயம். ஆஸ்மியம் டெட்ராக்சைடு போட்டால் கொழுப்பு கறுப்பாகும். விலை கையைக் கடிக்கும், ஆவி கண்ணைக் கடிக்கும். 1896-இல் டாடி என்ற இத்தாலியர் சூடான் 3 என்ற சாயத்தைக் கொழுப்புக்குப் பூசிக் காட்டினார். கொழுப்பு பளிச்சென்று ஆரஞ்சுச் சிவப்பாக எழுந்து நின்றது. இன்றைக்கு ஆயில் ரெட் ஓ அந்த வேலையைச் செய்கிறது.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு கைவைத்தியமும் உண்டு. எனக்கு இதுதான் பிடித்தது. நுரையீரலின் ஓரத்தில் கத்தரிக்கோலால் மெல்லிய துணுக்கு ஒன்று வெட்டு. ஸ்லைடில் வை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. மேலே கண்ணாடி வில்லையை வைத்துக் கட்டைவிரலால் நசுக்கு. காரம் சதையைக் கரைத்துத் தெளியவைக்கும், கொழுப்பை அவ்வளவு சீக்கிரம் தொடாது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், மங்கலான பின்னணியில் பளபளவென்று உருண்டைகள், நீள உருளைகள், கிளை விரித்த உருளைகள். ரத்தக் குழாயின் வடிவத்திலேயே கொழுப்பு வார்க்கப்பட்டிருக்கும். சாயம் வேண்டாம், நாள் கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். டீ ஆறுவதற்குள் பதில்.

பார்த்தாயிற்று. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டாமா? 1964-இல் மியூனிக்கில் ஃபால்சி, ஹென், ஸ்பான் என்று மூன்று பேர் அளவுகோல் செய்தார்கள். கொழுப்பே இல்லையென்றால் பூஜ்யம். அங்கொன்று இங்கொன்றாகத் துளி வடிவில் இருந்தால் முதல் படி. பல இடங்களில் சாசேஜ் வடிவில் இருந்தால் இரண்டாம் படி. எங்கே பார்த்தாலும் மான் கொம்பு மாதிரி கிளைவிட்டிருந்தால் மூன்றாம் படி. ஆமாம், சாசேஜ்தான். டிரெஸ்டனில் விட்ட இடத்திலிருந்து நூறு வருஷம் கழித்து மியூனிக்கில் வந்து சேர்ந்துவிட்டது. பவேரியாக்காரர்கள் நுண்ணோக்கிக்குள் பார்த்தாலும் சாப்பாட்டு மேசையும் வேட்டைக்காடும்தான் தெரிகின்றன. கிண்டலை விடுங்கள்; இன்றும் தடயவியல்காரர்கள் அந்த அளவுகோலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

நடுவில் அமெரிக்காவில் வேறொரு சண்டை. 1927-இல் லேமன், மூர் என்ற இருவர், ஒரு தொடையெலும்பில் இருக்கும் கொழுப்பு ஆளைக் கொல்லவே போதாது, ரத்தத்தில் கரைந்திருக்கும் கொழுப்பே அதிர்ச்சியில் திரிந்து ஒன்றுசேர்ந்துதான் அடைக்கிறது என்று வாதாடினார்கள். போதுமா போதாதா என்று வாயால் பேசிக்கொண்டிருந்ததை 1956-இல் லெனர்டு பெல்டியர் நிறுத்தினார். மனித எலும்புகளை எடுத்து உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று நேராக அளந்தார். தாராளமாகப் போதும். அடைத்துக்கொண்டது போதாதென்று, அந்தக் கொழுப்பு உடைந்து வரும் கொழுப்பு அமிலங்கள் நுரையீரலை அரிக்கவும் செய்கின்றன என்று இன்னொரு குண்டையும் போட்டார். அடிபட்ட உடனே நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆள் ஒன்றிரண்டு நாள் கழித்து ஏன் கவிழ்கிறார் என்பதற்கு இது ஓரளவு பதில்.

அப்படிக் கொழுப்பை உடைக்கும் நொதியை ஆல்கஹால் அடக்கும் என்று நம்பி, ஒரு காலத்தில் நோயாளிக்குச் சிரை வழியாகவே சாராயச் சத்தை ஏற்றினார்கள். ரென் நாய்க்குச் செய்ததை மூன்று நூற்றாண்டு கழித்து மனிதனுக்கு. 1977-இல் ஓர் ஆய்வு, ரத்தத்தில் மது அதிகமாக இருந்த விபத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாகவே வந்தது என்றுகூடச் சொன்னது. இதை வீட்டில் படித்துக்காட்ட வேண்டாம். விபத்தே எதனால் வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. சிகிச்சையும் நிலைக்கவில்லை, உடைந்த எலும்பை ஆட்டாமல் அசைக்காமல் சீக்கிரம் நிலைநிறுத்துவதும் பிராணவாயு கொடுப்பதும்தான் நிலைத்தன.

இப்போது தலைப்புக்கு வருவோம். நுரையீரலில் கொழுப்பு இருக்கிறது, சரி. அது கொன்றதா?

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எலும்பு உடைந்து செத்த பெரும்பாலானோர் நுரையீரலிலும் கொஞ்சமாவது கொழுப்பு இருக்கிறது. போரில் செத்த சிப்பாய்களிடம் தேடினார்கள், இருந்தது. தீயில் கருகியவர்களிடம் இருந்தது. கல்லீரல் கொழுத்தவர்களிடமும் சர்க்கரைக்காரர்களிடமும்கூட எப்போதாவது இருந்தது. அதைவிடச் சங்கடம், இதயம் நின்றுபோனவரைக் காப்பாற்ற மார்பில் அழுத்துகிறோமே, அந்த அழுத்தலில் விலாவும் மார்பெலும்பும் முறிந்து மஜ்ஜை நுரையீரலுக்கு ஏறிவிடுகிறது. காப்பாற்ற வந்தவரே தடயத்தை வைத்துவிட்டுப் போகிறார். கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து, இவர்தான் நகையைத் திருடினார் என்று சொல்லிவிட முடியுமா?

பர்மிங்காம் விபத்து மருத்துவமனையின் சைமன் செவிட் 1962-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நுரையீரலோடு நிற்காமல் மூளையையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும் என்பதை உறுதிப்படுத்திய ஆட்களில் அவர் முக்கியமானவர். நுரையீரல் சல்லடையைத் தாண்டி மறுபக்க ரத்த ஓட்டத்தில் கொழுப்பு கலந்தால்தான் விவகாரம் முற்றுகிறது. அப்போது மூளையை நறுக்கினால் வெள்ளைப் பகுதி முழுக்கக் குண்டூசி முனையால் குத்தியது போல ரத்தப் புள்ளிகள். சிறுநீரக வடிகட்டியின் சுருள்களுக்குள் கொழுப்பு. அக்குளிலும் மார்பிலும் இமையின் உட்பக்கமும் செந்நிறப் புள்ளிகள். அடிபட்டு ஒன்று முதல் மூன்று நாள் தாக்குப்பிடித்தவரிடம்தான் இந்தக் காட்சி முழுதாகத் தெரியும். புள்ளிகள் தோன்ற அவகாசம் வேண்டும். அடிபட்ட இடத்திலேயே செத்தவரிடம் மூளைப் புள்ளியைத் தேடுவது வீண்.

கொன்றதோ இல்லையோ, கொழுப்பு ஒரு சாட்சியை மட்டும் பெரும்பாலும் சொல்லும். இதயம் துடித்தால்தான் அது எலும்பிலிருந்து நுரையீரலுக்குப் பயணம் செய்ய முடியும். ஆகவே நுரையீரலில் கொழுப்பு இருந்தால், எலும்பு உடைந்தபோது ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். இங்கிலாந்து விமானப்படையின் நோயியலாளர் ஜே. கே. மேசன் இதை வைத்துத்தான் 1960-களில் விமான விபத்தில் செத்தவர்களை ஆராய்ந்தார்: தரையில் மோதியபோது இவர் உயிரோடு இருந்தாரா, முன்பே போய்ச் சேர்ந்திருந்தாரா? செத்தபின் உடைந்த எலும்பு கொழுப்பை எங்கும் அனுப்பாது. ஆனால் மார்பில் அழுத்திய கை இங்கேயும் குட்டையைக் குழப்பும். உடல் அழுகியிருந்தாலும் நம்ப முடியாது.

வக்கீல்களுக்கும், விபத்து இழப்பீட்டு வழக்கில் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அதில் கொழுப்பு அடைப்பு என்று எழுதியிருந்தாலும் சரி, இல்லை என்று எழுதியிருந்தாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள். துண்டை உறையவைத்துச் சீவினீர்களா, மெழுகில் புதைத்தீர்களா? மூளையையும் சிறுநீரகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தீர்களா? சாவதற்கு முன்னால் யாராவது மார்பில் அழுத்தினார்களா? மூன்றுக்கும் பதில் இல்லாத அறிக்கையில் கொழுப்பைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் அது யூகம்தான்.